ஓடிப்போய் ஒரு சோடா வாங்கிட்டு வாங்க!

நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முதலுதவி மொத்தம் மூன்று. ஒன்று, முகத்தில் தண்ணீர் தெளிப்பது. இரண்டு, சோடா. மூன்று, 'தள்ளுங்க, தள்ளுங்க, காத்து வரட்டும்' என்று கத்திக்கொண்டே தான் மட்டும் தள்ளாமல் நிற்பது.

இதில் மூன்றாவதில் நான் டிஸ்டிங்ஷன்.

என் படிப்பு பி.காம். வவுச்சர், லெட்ஜர், பேலன்ஸ் ஷீட் என்றால் பயமில்லை. ரத்தம் என்றால் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். 'உள்ளே வருவதை டெபிட் பண்ணு, வெளியே போவதைக் கிரெடிட் பண்ணு' என்று மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியே போவது ரத்தமாக இருந்தால் என்ன பண்ணுவது என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2022இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை அது பெரிய குறையாகத் தெரியவும் இல்லை.

எங்களுடையது பன்னிரண்டு வீடுகள் கொண்ட, லிஃப்ட் இல்லாத அபார்ட்மென்ட். (லிஃப்ட் போடுவது பற்றி ஆறு வருஷமாகக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். டீக்கு பிஸ்கட்டா, சமோசாவா என்பதில் மட்டும்தான் இதுவரை ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது.) அன்று காலை பத்தரைக்கு மாதாந்திரக் கூட்டம். கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். விவாதம், தண்ணீர் லாரிக் கணக்கு. நான் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்தவன் தலையில் கட்டுகிற வேலை அது.

பேசிக்கொண்டிருந்தவர் எனக்கு எதிர் வீட்டுக்காரர். வயது ஐம்பத்திரண்டு. பாங்க் உத்தியோகம். சிகரெட் கிடையாது. காலையிலிருந்தே நெஞ்சை ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். 'நேத்து ராத்திரி பரோட்டா சாப்பிட்டேன்ல, வாயுதான்' என்று தானே தீர்ப்பும் எழுதி, ஓம வாட்டர் குடித்துவிட்டு, இரண்டு மாடி இறங்கி வந்திருக்கிறார். இதெல்லாம் அப்புறம் அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"போன மாசம் மொத்தம் பதினாலு லோடு. அதுல..." என்று ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நாற்காலியோடு அப்படியே சாய்ந்தார்.

அவரைச் சேர்க்காமல் பதினோரு ஆண்கள் இருந்தோம். முழு கிரிக்கெட் டீம். இரண்டு இன்ஜினீயர்கள், ஒரு வக்கீல், ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், மூன்று ஐ.டி. ஆசாமிகள், மிச்சம் என்னைப் போல. பட்டங்களைக் கூட்டினால் இருபதாவது தேறும்.

ஹெட்மாஸ்டர், "தண்ணி!" என்றார். தெளித்தோம். வக்கீல், "சோடா! ஓடிப்போய் ஒரு சோடா வாங்கிட்டு வாங்க!" என்றார். ஒரு பையன் ஓடினான். (இந்தக் காலத்தில் கோலி சோடா எங்கே கிடைக்கிறது? பத்து நிமிஷம் கழித்து லெமன் ஃப்ளேவர் பாட்டிலோடு வந்தான்.) ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று கையில் ஸ்கூட்டர் சாவியைத் திணித்தார். நான் மினிட்ஸ் நோட்டால் விசிறினேன்.

அவரிடமிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"மூச்சு இருக்கு ஸார். ஒண்ணும் பயமில்லை. மயக்கம்தான்."

இதைச் சொன்னது நான்.

108க்கு போன் பண்ணவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே சோடா வந்த பிறகுதான். போன் பண்ணியதிலிருந்து பதினாலு நிமிஷத்தில் வண்டி வந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருமுனையில் பைப் போடத் தோண்டியிருந்த பள்ளத்தை ஆம்புலன்ஸ் தாண்டிக் குதிக்க முடியாது. இறங்கிய இளைஞர் ஒரு நொடி தொட்டுப் பார்த்தார். நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, மனுஷனைத் தரையில் மல்லாத்தி, முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். அமுக்கிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார்:

"விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு? யாராவது அமுக்கினீங்களா?"

பதினோரு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் முயற்சி செய்துவிட்டு, கையை விரித்துவிட்டார்கள். அந்த மினிட்ஸ் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 'சென்ற மாதம் 14 லோடு' என்பதோடு நிற்கிறது. மேலே தண்ணீர் தெளித்த கறை.

* * *

எட்டு மாதம் கழித்து ஆபீஸில் ஒரு சர்க்குலர் வந்தது. சனிக்கிழமை முதலுதவிப் பயிற்சி, எல்லோரும் வரவேண்டும். வழக்கம் போல முணுமுணுப்பு. "டாக்டருக்குப் படிச்சவன் எதுக்கு இருக்கான்?" என்றார் அக்கவுன்ட்ஸில் பக்கத்து சீட் நண்பர். எட்டு மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். நரைத்த மீசை. வந்ததும் முதல் வேலையாக, "உங்க ஆபீஸ் முதலுதவிப் பெட்டி எங்கே?" என்றார். தேடிப் பிடித்துக் கொடுத்தோம். சாவி இல்லை. உடைத்துத் திறந்ததில், காலாவதியான ஒரு களிம்பு, இரண்டு பிளாஸ்திரி, ஸ்டேப்ளர் பின், ஆயுத பூஜைக்கு வாங்கிய கற்பூரம். 1948ஆம் வருஷத்து ஃபேக்டரி சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டி, அதற்கு முதலுதவி படித்த ஒரு ஆள் பொறுப்பு என்று 45ஆவது பிரிவிலேயே சொல்லியிருந்தது என்றார். நமக்கு முன்னால் இருந்தவர்கள் யோசிக்காமல் இல்லை. நாம்தான் உள்ளே கற்பூரம் வைத்திருக்கிறோம்.

பிறகு பைக்குள்ளிருந்து இடுப்புக்குமேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மையை எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பொம்மைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. நார்வேயில் ஆஸ்முண்ட் லேர்டால் என்று ஒரு பொம்மை வியாபாரி. தன் சின்னப் பையனைத் தண்ணீரில் மூழ்கிச் சாகாமல் காப்பாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு. 1960இல் டாக்டர்கள் கேட்டதற்காக, உயிர் கொடுக்கும் பயிற்சிக்கென்று ஒரு பொம்மை செய்தார். அதற்கு வைத்த முகம், பாரிஸில் ஸேன் நதியில் மூழ்கிச் செத்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம். உலகம் பூராவும் பயிற்சி எடுத்தவர்கள் வாயோடு வாய் வைத்து ஊதியது அந்த முகத்தில்தான்.

நாங்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

"ஒருத்தன் திடீர்னு விழுந்துட்டான். தோளைத் தட்டிக் கூப்பிடறோம், அசைவு இல்லை. மூச்சு ஒழுங்கா இல்லை. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். யாரும் சோடா என்று சொல்லிவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். இரண்டு பேர் சொன்னார்கள்.

மயக்கமானவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஒரு சொட்டு விடக் கூடாதாம். விழுங்கத் தெம்பில்லாதவருக்கு அது நேரே மூச்சுக் குழாயில் போகும். இதை எழுதிக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதை எழுதிக்கொள்ள முடியவில்லை.

"சில பேர் விழுந்தப்புறம் குறட்டை மாதிரி, வாயைத் திறந்து திறந்து மூடற மாதிரி விட்டு விட்டு இழுப்பாங்க. பக்கத்துல இருக்கறவன் 'மூச்சு இருக்கு'ம்பான். அது மூச்சு இல்லை தம்பி. இதயம் நின்னப்புறம் உடம்பு தானா இழுக்கறது. அதைப் பார்த்தா உடனே அமுக்க ஆரம்பிக்கணும்."

நான் எழுந்து வெளியே போய் வாட்டர் கேனில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. இதயம் நின்ற பிறகு சும்மா விட்டால், நிமிஷத்துக்கு ஏழிலிருந்து பத்து சதவிகிதம் வரை பிழைக்கிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். காமர்ஸ்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நேர்கோட்டுமுறைத் தேய்மானம்! பத்து நிமிஷத்தில் புத்தக மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். நாலிலிருந்து ஆறு நிமிஷத்துக்குள்ளேயே மூளை கெட ஆரம்பித்துவிடும். நெஞ்சை அமுக்கினால் நின்ற இதயத்துக்குப் பதிலாக நம் கை பம்ப் வேலை செய்யும். மூளைக்குக் கொஞ்சமாவது ரத்தம் போகும். தேய்மானம் மெதுவாகும். அதற்குள் ஆம்புலன்ஸும் ஷாக் கொடுக்கிற மெஷினும் வந்து சேரவேண்டும். அவ்வளவுதான் தத்துவம்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் டாக்டரே இல்லை என்பதில் எனக்கு அல்ப சந்தோஷம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த கோவென்ஹோவன் ஒரு எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். கூட இருந்த நிக்கர்பாக்கரும் இன்ஜினீயர். ஜூட் என்பவர் மட்டும் சர்ஜன். நெஞ்சைப் பிளக்காமல், வெளியிலிருந்து வெறும் கையால் அமுக்கினாலே போதும் என்று 1960இல் எழுதினார்கள். எங்கள் அபார்ட்மென்ட்டிலும் இரண்டு இன்ஜினீயர்கள் இருந்தார்கள்.

செய்முறை இதுதான். ஆளைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைக்கவேண்டும். கட்டில், சோபா உதவாது. 108ஐக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடலாம். நெஞ்சின் நட்டநடுவில், நடு எலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி. அதற்குமேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. இடுப்பிலிருந்து எடையைப் போட்டு, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கி, நெஞ்சு முழுக்க மேலே எழும்ப விட்டு, மறுபடி. ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். நிமிஷத்துக்கு 100லிருந்து 120.

ஐந்து சென்டிமீட்டர் என்று எழுதுவது சுலபம். நான் பயந்து பயந்து அமுக்கினேன். "என்ன தம்பி, சப்பாத்தி மாவா பிசையறீங்க?" என்றார். "ஸார், எலும்பு உடைஞ்சா?" "உடையலாம். உடைஞ்ச எலும்பு ஒட்டிக்கும். நின்ன இதயம் தானா ஓடாது. அமுக்குங்க!" அமுக்கினேன். ஒன்றரை நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறார்கள்.

பழகாதவர்கள் வாயில் ஊதவேண்டும் என்கிற கட்டாயம் கிடையாது. கையால் அமுக்கினாலே போதும் என்று 2008இலேயே அமெரிக்க ஹார்ட் அசோசியேஷன் சொல்லிவிட்டது. தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் ஊதுவது முக்கியம். அதற்கு முறைப்படி பழகிக்கொள்ளவேண்டும். தாளம் பிடிபட வெள்ளைக்காரர்கள் பீ ஜீஸ் குழுவின் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டை மனசுக்குள் ஓட்டுவார்களாம். "நமக்கு எந்தப் பாட்டு ஸார்?" என்று கேட்டதில், மதிய சாப்பாடு வரை அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டில் குத்துப்பாட்டு ஆராய்ச்சிதான். கடைசியில் வாத்தியார், "பாட்டை மறந்துட்டு ஒண்ணு ரெண்டு எண்ணுங்கய்யா" என்றார்.

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு 2021 ஜூன் 12 ஞாபகமிருக்கும். கோபன்ஹேகனில் ஃபின்லாந்துக்கு எதிரான யூரோ மேட்ச். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், பக்கத்தில் யாரும் மோதாமலே, மைதானத்தில் விழுந்தார். இருபத்தொன்பது வயசு, உலகத் தரத்து உடம்பு. இதயம் நின்றுவிட்டது. கேப்டன் கியர் ஓடி வந்தார். டாக்டர்கள் வந்து அமுக்கினார்கள், ஷாக் கொடுத்தார்கள். சக ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று முதுகைக் காட்டி, கேமராக்களிடமிருந்து மறைத்தார்கள். அந்த எரிக்சன் 2022 உலகக் கோப்பையில் ஆடினார். அங்கேயும் கிட்டத்தட்ட பதினோரு பேர்தான் இருந்தார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். வேண்டாத கணக்குத்தான். ஆம்புலன்ஸ் வர ஆன பதினாலு நிமிஷத்துக்கு, நிமிஷத்துக்கு நூறு என்றாலும் 1,400 தடவை. பதினோரு பேர். தலைக்கு 127. ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று மாற்றியிருந்தால் ஏழு பேர் போதும். நாலு பேர் ரிசர்வில் நின்றிருக்கலாம். ஒருத்தர் தெருமுனைக்குப் போய் ஆம்புலன்ஸுக்கு வழி காட்டியிருக்கலாம்.

* * *

அந்த ஒரு நாள் வகுப்பில் என் மானம் போனது இன்னொரு விஷயத்தில். கல்யாணத்துக்கு முந்தின வருஷம், கிண்டி ஸ்டேஷனில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்து, என் வீட்டுச் சாவிக்கொத்தை அவன் கையில் வைத்து இறுக்கி மூடினேன். இரண்டே நிமிஷம், வலிப்பு நின்றது! ஒரு பெரியவர், "நல்லாயிருப்பே தம்பி" என்றார். ஆபீஸில் ஒரு வாரம் இந்தக் கதையைச் சொல்லியே கேண்டீனில் ஓசி காபி குடித்தேன்.

"சாவி வைக்கலைன்னாலும் அது நின்னிருக்கும். பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானாவே நின்னுடும்" என்றார் வாத்தியார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சாவி கையைக் கிழிக்கலாம். வாயில் ஸ்பூன், துணி எதையும் வைக்கக் கூடாது. பல் உடையும், நம் விரலும் போகும். கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. பக்கத்தில் இடிக்கிற சாமான்களை நகர்த்தி, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனாலோ, அடுத்தடுத்து வந்தாலோ 108. அந்தப் பையன் கையில் லேசாக ரத்தம் கசிந்தது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. வலிப்பினால் வந்த ரத்தம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

புரையேறினால் நாம் என்ன செய்கிறோம்? தலையில் தட்டி, 'யாரோ நினைச்சுக்கறாங்க' என்கிறோம். இருமிக்கொண்டிருந்தால் பிரச்னை இல்லை, இருமட்டும். சத்தமே வராமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறார் என்றால், நினைப்பது சாதாரண ஆள் இல்லை, எமன்! குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகில் ஐந்து அடி; போகாவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியால் உள்ளே மேலே என்று ஐந்து இழுப்பு. அடைத்தது வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றில் கை வைக்கக் கூடாது. அதற்குத் தனி முறை.

பாம்புக்கடிக்கு நமக்கு சினிமாதான் பாடப்புத்தகம். ஹீரோ கத்தியால் கீறி, உறிஞ்சித் துப்பி, அடுத்த ரீலில் டூயட். நிஜத்தில் கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை ஆட்டாமல் விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வைத்தியம். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகிற வீரமும் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான்.

தீக்காயத்தை மட்டும் நான் கையோடு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினேன். வகுப்பு முடிந்த மறுமாதம், குக்கர் ஆவி பட்டு மனைவியின் முழங்கை வரை சிவந்துவிட்டது. மாமியார் காபிப் பொடி டப்பாவோடு ஓடி வந்தார். (எங்கள் வீட்டில் காபிப் பொடி. என் அம்மா வீட்டில் இட்லி மாவு. பக்கத்து வீட்டில் டூத் பேஸ்ட். ஸ்கூலில் இங்க். மொத்தத்தில் எரிகிற இடத்தில் எதையாவது அப்பாவிட்டால் நமக்கு மனசு ஆறாது.) நான் டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, குழாயைத் திறந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"மாப்பிள்ளை! லாரித் தண்ணி! இருபது நிமிஷம் திறந்து விட்டா..." மாமியாருக்கு மகள் கையைவிடக் குழாய்தான் அதிகம் வலித்தது. கடைசியில் அடியில் ஒரு பக்கெட்டை வைத்தார். நிறைந்ததும் அடுத்த பக்கெட். அப்புறம் குடம். இருபது நிமிஷமும் பக்கத்திலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஐஸ் கட்டி வைக்கவில்லை, கொப்புளத்தைக் குத்தவில்லை, சுத்தமான துணியை லேசாகப் போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனோம். "காயத்துல எதையும் அப்பாம வந்திருக்கீங்களே!" என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். மாமியார் அதை இப்போது தன்னுடைய யோசனையாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

ரோட்டில் அடிபட்டவர் விஷயத்தில் நம் கையைக் கட்டிப்போடுவது அறியாமை மட்டுமில்லை, போலீஸ் பயம். 'தொட்டா கேஸு, கோர்ட்டுக்கு அலையணும்.' எங்கள் வக்கீலிடமே கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவரும் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தார். விபத்தில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறையெல்லாம் அப்புறம் என்று 1989இலேயே பரமானந்த் கடாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது என்றார். உதவி செய்கிறவரை இம்சை பண்ணக் கூடாது என்று மத்திய அரசு 2015இல் விதிமுறை போட்டது. 2016இல் சுப்ரீம் கோர்ட் அதற்கு முத்திரை குத்தியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று சேர்த்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு உதவப்போய்த் தவறு நேர்ந்தாலும் வழக்கு கிடையாது. பெயர், விலாசம் சொல்லவேண்டிய கட்டாயமும் கிடையாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது.

"இவ்வளவு தெரிஞ்சும் அன்னிக்கு ஏன் ஸார் சோடா வாங்கிட்டு வரச் சொன்னீங்க?" என்று கேட்க வாய் வந்தது. 'மூச்சு இருக்கு'ன்னு நீ சொன்னியே என்பார். கேட்கவில்லை.

* * *

போன வருஷம் அசோசியேஷன் கூட்டத்தில் நானே எழுந்து, மீசைக்காரரைக் கூப்பிட்டு ஒரு வகுப்பு வைக்கலாம் என்றேன். லிஃப்ட் மாதிரி இதற்கும் ஆறு வருஷம் ஆகும் என்றுதான் நினைத்தேன். ஆச்சரியம், யாரும் எதிர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி, அதே கார் நிறுத்துகிற இடம். பன்னிரண்டு வீடுகளிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். வாட்ச்மேனையும் சேர்த்தால் எட்டு. ஹெட்மாஸ்டர் நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில்.

வகுப்பு தொடங்கிக் கால் மணி கழித்து எதிர் வீட்டம்மா இறங்கி வந்தார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது? தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மீசைக்காரர் விஷயம் தெரியாமல், குறட்டை மாதிரிச் சத்தம் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் கண் ஜாடை காட்டினேன். அவர் கவனிக்கவில்லை. முழுக்கச் சொல்லி முடித்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அய்யா, ஒண்ணு கேக்கலாமா?" என்றார் அந்தம்மா. "உடனே இப்படி அமுக்கியிருந்தா, பொழைச்சிருப்பாங்களா?"

மீசைக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

"சொல்ல முடியாதும்மா. உடனே அமுக்கினாலும் நிறையப் பேர் பொழைக்கிறதில்லை. பொய் சொல்ல மாட்டேன். சில பேர் பொழைச்சிருக்காங்க."

அந்தம்மா தலையாட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பொம்மைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கே கை வைக்கணும்?"

காட்டினார். வாட்ச்மேன் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து சென்டிமீட்டர், முதல் தடவையிலேயே. சப்பாத்தி மாவு இல்லை. முப்பது, அறுபது, நூறு. வளையல் சத்தமும் வாட்ச்மேன் குரலும் தவிர வேறு சத்தமில்லை.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு. அடுத்த ஆள் மாத்துங்க" என்றார் மீசைக்காரர்.

அடுத்தது நான்தான். எதிர்ப்பக்கம் முழங்கால் போட்டு, கையைக் கோத்துக்கொண்டு தயாராக இருந்தேன்.

"இருங்க தம்பி" என்றார் அவர், நிமிராமல். "இன்னும் கொஞ்சம் பண்ணிட்டுத் தரேன்."